தேர்தலில் நிற்க நினைக்கும் ரயில்வேக்காரர்களுக்கு

ரயில்வேயில் சம்பளம் வாங்கிக்கொண்டே கவுன்சிலருக்கு நிற்க முடியாது. லீவு போட்டுவிட்டு நிற்கலாமா, சம்பளமில்லா விடுப்பில் போய் நிற்கலாமா, கட்சி இல்லாமல் சுயேச்சையாக நின்றால் பரவாயில்லையா என்று எந்தப் பக்கமாகச் சுற்றிவந்து கேட்டாலும் பதில் இதுதான். வேலையை முறையாக விட்டுவிட்டுத்தான் நிற்க வேண்டும். அந்த 'முறையாக' என்பதில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள்.

நான் ரயில்வே கோட்ட அலுவலகம் ஒன்றில், ஊழியர் விவகாரம் பார்க்கும் பர்சனல் பிராஞ்சில் இருந்தவள். கடைசிப் பல வருஷங்கள், ஓய்வுபெறுகிறவர்களின் கணக்கை முடிக்கும் செட்டில்மென்ட் செக்‌ஷன். இப்போது கடலூர் ஓ.டி.யில் (பழைய நகரத்தில்) வீடு. தேர்தல் பேச்சு கிளம்பினால் கீமேன், பாயின்ட்ஸ்மேன், புக்கிங் கிளார்க் என்று யாராவது ஒரு தம்பி "அக்கா, ஒரு சந்தேகம்" என்று வந்து உட்கார்ந்துவிடுவான். ஒவ்வொருவனுக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரேயடியாக எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்று. ரயில்வேக்காரனுக்கு எதற்கு அரசியல் என்று வீட்டில் கேட்டால் கூச்சப்பட வேண்டாம். திருச்சி பொன்மலை ரயில்வே தொழிற்சங்கத்திலிருந்து வந்த அனந்தன் நம்பியார் 1952இல் நம் மெயின் லைனிலேயே இருக்கும் மாயவரம் தொகுதிக்கு எம்.பி. ஆனார், பிறகு 1962, 1967 இரண்டு தேர்தல்களில் திருச்சியில் ஜெயித்தார். ரயில்வே தொழிலாளர் சம்மேளனத்தை நடத்திய வி.வி. கிரி 1969இல் குடியரசுத் தலைவரே ஆனார். வெளிநாட்டுக் கதை வேண்டுமென்றால், ஆஸ்திரேலியாவில் பென் சிஃப்லி என்று ஓர் இன்ஜின் டிரைவர். 1917 வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டதற்காகப் பதவி இறக்கப்பட்டவர். 1945இல் அந்த நாட்டுப் பிரதமர். அவரைப் பற்றி எனக்குப் பிடித்த விஷயம் வேறு. தன் ஊர்ப் பக்கத்து உள்ளாட்சி மன்றத்தில் உறுப்பினராகவும் தலைவராகவும் இருந்தவர், மத்திய அமைச்சரான பிறகும் அதை விடவில்லை. அமெரிக்காவில் ரயில் தொழிலாளர் சங்கம் கட்டிய யூஜின் டெப்ஸ், இன்ஜினில் கரி அள்ளிப் போட்ட பையன். முதலில் பிடித்த பதவி டெர்ரஹோட் என்ற ஊரின் நகராட்சி எழுத்தர், அப்புறம்தான் மாநில சட்டமன்றம்.  வார்டு சாக்கடையைக் கவனிக்கும் பதவியை இந்த இரண்டு பேரும் சின்னதாக நினைக்கவில்லை.

பணியில் இருக்கும்போது எதுவரை போகலாம்

ரயில்வே பணியாளர் நடத்தை விதிகள், 1966. அதில் ஐந்தாவது விதியை மட்டும் ஒருதடவை முழுசாகப் படித்துவிடு. கட்சி உறுப்பினராக இருக்கக்கூடாது, கட்சிக்கு நிதி கொடுக்கக்கூடாது. சட்டமன்றமோ பஞ்சாயத்தோ, எந்தத் தேர்தலிலும் யாருக்காகவும் ஓட்டு கேட்கக்கூடாது, செல்வாக்கைப் பயன்படுத்தக்கூடாது. ஓட்டுப் போடலாம், ஆனால் யாருக்குப் போட்டேன், போடப்போகிறேன் என்று காட்டிக்கொள்ளக்கூடாது. இதற்கு ஒரு விளக்கமும் அங்கேயே இருக்கிறது: உடம்பிலோ வண்டியிலோ வீட்டிலோ தேர்தல் சின்னத்தை வைத்துக் காட்டினால் அதுவே செல்வாக்கைப் பயன்படுத்தியதாக ஆகும். பைக் முன்னாடி ஒட்டிய ஸ்டிக்கர் அதில் அடக்கம். விதி எழுதிய காலத்தில் வாட்ஸ்அப் கிடையாது. ஆனால் உன் டி.பி.யில் இருக்கும் சின்னத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒரு புகாரோடு இணைத்து அனுப்ப, கூடவே டியூட்டி பார்க்கிறவனுக்கு இரண்டு நிமிஷம் போதும்.

மனைவி நிற்கலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஆனபிறகு இந்தக் கேள்வி கூடியிருக்கிறது. தாராளமாக நிற்கலாம். விதி கட்டிப்போடுவது உன்னை, அவளை இல்லை. ஆனால் நீ அவளோடு தெருத்தெருவாகப் போய்க் கும்பிடு போடக்கூடாது. ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தால் கொடி, பேனர், பூத் கமிட்டிக் கூட்டம் எதுவும் அந்த வாசலில் வேண்டாம். பிரசாரத்துக்கு உறவுக்காரர் வீடு ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெயித்தபிறகு அவள் நாற்காலியில் நீ உட்கார்ந்து கையெழுத்துக்குப் பேப்பர் நீட்டுவது ஆகாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். சொல்ல வேண்டித்தான் இருக்கிறது.

அப்படியானால் பணியில் இருக்கும் வருஷங்களில் ஊருக்குத் தெரிந்த ஆளாக ஆவது எப்படி? சங்கம் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற தொழிற்சங்கத்தில் கிளைப் பொறுப்பில் இருப்பது கட்சி அரசியல் கணக்கில் வராது. கௌரவமாக, காசு வாங்காமல் செய்யும் சமூகப் பணிக்கும் தர்மப் பணிக்கும் தடை இல்லை, டியூட்டி கெடக்கூடாது, அவ்வளவுதான். ரத்ததான முகாம், பள்ளிக்கூட வேலை, வெள்ளம் வந்தால் சோறு பொங்கிப் போடுவது. கடலூரில் இதற்குப் பஞ்சமே இல்லை. தென்பெண்ணை ஆறும் கெடிலம் ஆறும் பார்த்துக்கொள்ளும். தேர்ந்தெடுக்கப்படும் பதவி எதுவானாலும், சங்கத்துக்கு வெளியே என்றால், முன் அனுமதி எழுத்தில் வாங்கிக்கொள்.

ராஜினாமா என்ற சொல்லை எழுதாதே

இதை நிதானமாகப் படி. விருப்ப ஓய்வும் ராஜினாமாவும் ஒன்று இல்லை. இரண்டிலும் நீ வெளியே வந்துவிடுவாய், இரண்டுக்கும் பிறகு தேர்தலில் நிற்கலாம். ஆனால் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவன் ராஜினாமா செய்தால், அதுவரை பார்த்த சர்வீஸ் முழுவதும் ஓய்வூதியக் கணக்கிலிருந்து அழிந்துபோகும். பென்ஷன் இல்லை, ஓய்வுக்குப் பிந்தைய பாஸ் இல்லை, மருத்துவ அட்டை இல்லை. 20 வருஷம் தகுதியுள்ள சர்வீஸ் (ஓய்வூதியத்துக்குக் கணக்கில் சேரும் பணிக்காலம்) முடித்தவன் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து விருப்ப ஓய்வில் போனால் இவை எல்லாம் நிலைக்கும்.

ஒரு டிராக்மேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் சர்வீஸ், பஞ்சாயத்துத் தலைவருக்கு நிற்க ஆசை. கட்சி ஆபீஸில் டைப் அடிக்கிற பையன் அவருக்கு ஒரு பேப்பர் தயார் செய்து கொடுத்தான். 'சொந்தக் காரணங்களுக்காக என் பணியை ராஜினாமா செய்கிறேன்' என்று இரண்டே வரி. அந்தப் பேப்பர் என் மேஜைக்கு வந்தபோது நல்லவேளையாக அது இன்னும் ஏற்கப்படவில்லை. ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு கடிதம், தகுதியுள்ள சர்வீஸ் 20 வருஷத்துக்கு மேல் முடித்திருப்பதால் விருப்ப ஓய்வு கோருகிறேன் என்று இன்னொரு கடிதம், இரண்டும் எழுதவைத்தோம். கையெழுத்துப் போடும்போது அவர் கேட்டார்: "ரெண்டும் ஒண்ணுதானேம்மா?" அவருடைய சர்வீஸ் ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டி, ஒவ்வொரு வருஷத்துக்கும் நேரே இருந்த இங்க்ரிமென்ட் பதிவில் விரல் வைத்து, இதெல்லாம் போயிடும் என்று சொன்னபிறகுதான் புரிந்தது. ஏற்று ஆர்டர் போட்டபிறகு வந்திருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் உன் தகுதியுள்ள சர்வீஸ் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்கு. வேலைக்குச் சேர்ந்த தேதியை வைத்து நீயே விரல்விட்டு எண்ணாதே. மருத்துவச் சான்று இல்லாத சம்பளமில்லா விடுப்பு, அனுமதியின்றி வராத நாட்கள் எல்லாம் கழிந்துபோகலாம். பழைய ஆட்கள் சிலருக்குக் கேஷுவல் லேபராக (தினக்கூலியாக) இருந்து டெம்பரரி ஸ்டேட்டஸ் (தற்காலிக ஊழியர் அந்தஸ்து) வந்த காலம் பாதிதான் சேரும். 20 வருஷத்துக்குப் பதினைந்து நாள் குறைகிறது என்று தெரிந்தால், பதினைந்து நாள் பொறுத்துக் கொடு. தேர்தல் திரும்ப வரும்.

2004 ஜனவரி 1 முதல் சேர்ந்தவர்களுக்குக் கணக்கு வேறு. தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ்.ஸில் வெளியே வரும்போது கையில் கிடைப்பது எவ்வளவு, ஆன்யூட்டியில் (மாதாமாதம் தொகை தரும் திட்டத்தில்) போடவேண்டியது எவ்வளவு என்பது ராஜினாமாவா ஓய்வா என்பதைப் பொறுத்து மாறும். 2025 ஏப்ரலில் வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டமான யு.பி.எஸ்.ஸைத் தேர்ந்தெடுத்தவன் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் விருப்ப ஓய்வில் வருகிறவனுக்கு முழு மாதத் தொகை கிடைக்க 25 வருஷ சர்வீஸ் வேண்டும். அப்படியே வந்தாலும் மாதத் தொகை உடனே தொடங்காது, நீ வேலையில் நீடித்திருந்தால் எந்தத் தேதியில் ஓய்வு பெற்றிருப்பாயோ அன்றிலிருந்துதான். ஐம்பது வயதில் வெளியே வந்து வார்டு கவுன்சிலர் ஆனால், அறுபதுவரை வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்று மனைவியோடு உட்கார்ந்து பேசிவிட்டுக் கையெழுத்துப் போடு. கவுன்சிலருக்குக் கிடைக்கும் அமர்வுப் படியில் குடும்பம் நடக்காது.

சார்ஜ் ஷீட் நிலுவையில் இருந்தால் அதை முதலில் முடி. எஸ்.எஃப்.5 (பெரிய தண்டனைக்கான சார்ஜ் ஷீட்) கையில் இருக்கிறவனும் சஸ்பென்ஷனில் இருக்கிறவனும் விருப்ப ஓய்வு கேட்டால் நிறுத்திவைக்க அதிகாரம் இருக்கிறது. சஸ்பெண்ட் ஆகி வீட்டில்தானே இருக்கிறேன், அந்த நேரத்தில் தேர்தல் வேலை பார்க்கிறேன் என்று வந்த ஆட்களையும் பார்த்திருக்கிறேன். சஸ்பென்ஷனில் இருப்பவனும் ரயில்வே ஊழியன்தான். விதி முழுவதும் பொருந்தும். ஊழலுக்காகவோ அரசுக்கு விசுவாசமின்மைக்காகவோ டிஸ்மிஸ் ஆனவனுக்கு ஐந்து வருஷம் சட்டமன்றக் கதவு மூடியிருக்கும். வேறு காரணத்துக்காக டிஸ்மிஸ் ஆகியிருந்தாலும் அந்த ஐந்து வருஷத்துக்குள் நின்றால், இந்த இரண்டு காரணத்துக்காக இல்லை என்று தேர்தல் ஆணையத்தின் சான்றை மனுவோடு வைக்க வேண்டும்.

பின்னாலிருந்து எண்ணு

சட்டமன்றத்துக்கு நிற்கிறவன் மனு பரிசீலனை நாளன்று 'ஆதாயம் தரும் பதவி'யில் இருக்கக்கூடாது. அரசியல் சட்டத்தின் 191ஆவது பிரிவு. உள்ளாட்சிச் சட்டங்களும் மத்திய, மாநில அரசு ஊழியரை வெளியேதான் நிறுத்துகின்றன. பரிசீலனைவரை இழுக்காதே, மனுத் தாக்கல் செய்யப் போகும்போதே ரிலீவ் ஆன ஆர்டர் சட்டைப் பையில் இருக்கட்டும்.

சிக்கல் எங்கே என்றால், நோட்டீஸ் மூன்று மாதம், தேர்தல் அறிவிப்போ மூன்று வாரம். 2021 சட்டமன்றத் தேர்தலை எடுத்துக்கொள். தேதி அறிவித்தது பிப்ரவரி 26, மனுத் தாக்கல் தொடங்கியது மார்ச் 12, பரிசீலனை மார்ச் 20. அறிவிப்பைக் கேட்டபிறகு நோட்டீஸ் கொடுத்தவனுக்கு மே மாதக் கடைசியில்தான் விடுதலை. அதற்குள் புது அரசே பதவியேற்றுவிட்டது. அந்தத் தேர்தலில் நிற்க வேண்டியவன் 2020 டிசம்பர் நடுவிலேயே நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். நகர்ப்புற உள்ளாட்சி இன்னும் மோசம். 2022இல் ஜனவரி 26 அறிவிப்பு, 28 முதல் மனு, பிப்ரவரி 5 பரிசீலனை. முழுசாகப் பத்தே நாள். கடலூர் மாநகராட்சியான பிறகு நடந்த முதல் தேர்தல் அது. கவுன்சிலர் ஆசையில் இருந்த எத்தனையோ ரயில்வேக்காரர்கள் வாய் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நோட்டீஸ் காலத்தைக் குறைத்துக் கேட்கலாம். அதிகாரி ஒத்துக்கொண்டால் உண்டு. அப்படிக் குறைத்தால் அந்த மூன்று மாதம் முடியும்வரை பென்ஷன் கம்யூட்டேஷனுக்கு (பென்ஷனில் ஒரு பகுதியை மொத்தத் தொகையாக முன்கூட்டியே வாங்குவதற்கு) விண்ணப்பிக்க முடியாது. தேர்தல் செலவுக்குக் கம்யூட்டேஷன் பணத்தை நம்பியிருக்கிறவன் இதைக் கவனிக்க. மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 2024இல் வடக்கு ரயில்வே வேலையை விட்டதை எல்லோரும் உதாரணமாகச் சொல்கிறார்கள். செப்டம்பர் 6 ராஜினாமா, சில நாளிலேயே நோட்டீஸ் காலத்தைத் தளர்த்தி விடுவித்தார்கள், 11ஆம் தேதி மனுத் தாக்கல், அக்டோபரில் ஹரியானாவின் ஜுலானா தொகுதிக்கு எம்.எல்.ஏ. நாடே பார்த்துக்கொண்டிருந்த ஃபைல் அது. செக்‌ஷனில் கேங் வேலை பார்க்கும் உன் ஃபைலும் அதே வேகத்தில் நகரும் என்று திட்டம் போடாதே.

நோட்டீஸ் கடிதம் கொடுக்கும்போது இரண்டு பிரதி. ஒன்றில் அலுவலக முத்திரை, தேதி, டயரி நம்பர் மூன்றும் வாங்கு. "வெச்சுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்கிற கிளார்க்கை நான் சந்தேகப்படச் சொல்லவில்லை. நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன், பார்த்தும் கொண்டிருக்கிறேன். ஆனால் மூன்று மாதம் எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்று வழக்கு வந்தால் அந்த முத்திரைதான் பேசும். நோட்டீஸ் காலம் முடிவதற்குள் மறுப்பு ஏதும் வராவிட்டால் ஓய்வு தானாகவே நடைமுறைக்கு வரும் என்று விதி இருக்கிறது. தேர்தல் அதிகாரியின் மேஜையில் போய் 'தானாக' என்று வாதாடிக்கொண்டிருக்க முடியாது, ஆர்டரைக் கேட்டு வாங்கு.

இதில் மனசைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டு. கட்சியின் பி ஃபார்ம் (இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி தரும் படிவம்) கடைசி நாள் மதியம்வரை யார் கைக்கும் மாறலாம். நீயோ மூன்று மாதத்துக்கு முன்பே வேலையை விட்டிருப்பாய். நோட்டீஸைத் திரும்பப் பெறுவதென்றால் ஓய்வுத் தேதிக்கு முன்பே கேட்டு, அதிகாரி சம்மதிக்கவும் வேண்டும். அதனால் சீட்டு கிடைக்காவிட்டால் சுயேச்சையாக நிற்பேனா, இல்லை வீட்டில் உட்காருவேனா என்று நோட்டீஸ் கொடுக்கும் நாளிலேயே தீர்மானித்துவிடு. சட்டமன்றத்துக்குச் சுயேச்சை என்றால் அந்தத் தொகுதி வாக்காளர் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். டெபாசிட் 10,000 ரூபாய், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்குப் பாதி.

குவார்ட்டர்ஸ் பாக்கியும் ரயில் மறியல் வழக்கும்

சட்டமன்ற வேட்பாளர் கொடுக்கும் 26ஆம் எண் படிவப் பிரமாணப் பத்திரத்தில், கடந்த பத்து வருஷத்தில் அரசுக் குடியிருப்பில் இருந்தாயா, இருந்தால் வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி பாக்கி உண்டா என்று ஒரு பகுதி இருக்கிறது. பாக்கி இல்லை என்ற சான்றும் இணைக்க வேண்டும். மற்ற வேட்பாளர்கள் 'பொருந்தாது' என்று எழுதிவிட்டுப் போவார்கள். நாம் அப்படிப் போக முடியாது. கடலூர் துறைமுகச் சந்திப்பில் மூன்று வருஷம், விருத்தாசலத்தில் நாலு வருஷம், விழுப்புரத்தில் கொஞ்சநாள் என்று மாறி மாறி குவார்ட்டர்ஸில் இருந்திருப்பாய். ஒவ்வொன்றுக்கும் வொர்க்ஸ் பிரிவு, எலக்ட்ரிகல் பிரிவு இரண்டிலும் நோ டியூஸ் வாங்க வேண்டும். பழைய ஊரில் நீ காலி செய்தபோது மீட்டர் ரீடிங்கை யாரும் எழுதவில்லை என்றால், அதற்கப்புறம் வந்தவன் ஓட்டிய ஏ.சி.க்கும் உன் பெயரில் பாக்கி நிற்கும். இதைச் சரிசெய்ய நாலு மாதம் முன்னாலேயே ஆரம்பி.

விருப்ப ஓய்வுக்குப் பிறகு குவார்ட்டர்ஸை நாலு மாதம் சாதாரண வாடகையில் வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொள்ளாதே என்பது என் யோசனை. வேட்பாளராகிவிட்டவன் அரசு வீட்டிலிருந்து கரை வேட்டியோடு வெளியே வருவதைப் படம் எடுக்கக் காத்திருப்பார்கள்.

அடுத்தது வழக்கு. சங்கத்துக்காரன் என்றால் ரயில் மறியல் வழக்கு ஏதாவது ஒரு கோர்ட்டில் தூங்கிக்கொண்டிருக்கும். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 174ஆவது பிரிவு, வண்டியை மறித்ததற்கு. ஆர்.பி.எஃப். (ரயில்வே பாதுகாப்புப் படை) பதிவு செய்திருப்பார்கள், நீ மறந்தே போயிருப்பாய். நிலுவையில் இருக்கும் வழக்கு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுத வேண்டும், செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் மூன்று தடவை விளம்பரப்படுத்தவும் வேண்டும். எழுதினால் கேவலம் இல்லை. பொன்மலையில் 1946 செப்டம்பர் 5ஆம் தேதி ஐந்து தொழிலாளர் துப்பாக்கிச் சூட்டில் செத்த பரம்பரை நமது. மறைத்தால்தான் ஆபத்து.

வாக்காளர் பட்டியலையும் பார்த்துவிடு. டிரான்ஸ்ஃபரில் சுற்றியவனின் பெயர் பொன்மலைப் பட்டியலில் இருக்கும், ஆள் கடலூரில் இருப்பான். எட்டாம் எண் படிவம் கொடுத்து மாற்றிக்கொள். சட்டமன்றத்துக்கு மாநிலத்தில் எந்தத் தொகுதியில் பெயர் இருந்தாலும் போதும், உள்ளாட்சிக்கு அந்த உள்ளாட்சிக்குள் இருக்க வேண்டும். வயது சட்டமன்றத்துக்கு 25, உள்ளாட்சிக்கு 21.

புதுச்சேரிப் பக்கத்துத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. புதுச்சேரி ஸ்டேஷனில் வேலை, வீடு கடலூர் மாவட்டத்து எல்லையில் என்று இருப்பவர்கள் ஏராளம். பாகூர் பக்கம் ஒரு தெரு அந்த ஆட்சி, அடுத்த தெரு இந்த ஆட்சி. பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் நிற்க முடியும். அங்கே உள்ளாட்சி என்று ஆசைப்படவும் வழியில்லை: 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது, அதற்கப்புறம் தேர்தலே காணோம். மிச்சம் இருப்பது 30 இடம் கொண்ட சட்டமன்றம்தான். தொகுதி சின்னது, முகம் தெரிந்தால் ஓட்டு என்பதால் ரயில்வேக்காரனுக்கு அது ஒரேயடியாகக் கைக்கெட்டாத உயரமும் இல்லை.

ஓட்டு கேட்கும்போது

நீ ரயில்வேயிலிருந்து வந்தவன் என்று தெரிந்ததும் ஜனங்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி, "அந்த வண்டி நம்ம ஊர்ல நிக்குமா?" நிற்க வைக்கிறேன் என்று சொல்லிவிடாதே. எக்ஸ்பிரஸுக்கு நிறுத்தம் கொடுப்பது ரயில்வே போர்டு. கவுன்சிலர் தீர்மானம் போடலாம், எம்.பி.யிடம் கொடுக்கலாம், கோட்ட ரயில் பயணிகள் ஆலோசனைக் குழு உறுப்பினரைப் பிடித்துப் பேசவைக்கலாம். அதற்குமேல் ஒன்றும் இல்லை. மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்குக் கிழக்குக் கடற்கரைப் பாதை என்ற வாக்குறுதியை எத்தனை தேர்தலில் கேட்டிருக்கிறோம்! அறிவித்து வருஷக்கணக்காகியும் அந்தப் பாதையில் வண்டி ஓடவில்லை. அதை நீயும் ஒரு தடவை சொல்லாதே.

உன்னால் ஆகிற வேலை வேறு. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்குப் போகும் தெருவில் விளக்கு, குப்பை, சாக்கடை எல்லாம் மாநகராட்சி வேலை. ரயிலடி சுரங்கப்பாதையில் மழைத்தண்ணீர் நின்றால், பாதையைக் கட்டியது ரயில்வே என்றாலும் அந்தத் தண்ணீர் போய்ச் சேர வேண்டிய வடிகால் உள்ளாட்சியுடையது. இரண்டு பக்கத்து இன்ஜினியர்களும் "அது அவங்க ஏரியா" என்று கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்கள். இரண்டு அலுவலகத்து மொழியும் தெரிந்த ஒரே ஆள் நீயாக இருப்பாய். கூட்டு ஆய்வுக்குத் தேதி வாங்கி, இரண்டு பேரையும் அந்தத் தண்ணீரிலேயே நிற்கவைத்து, அங்கேயே குறிப்பு எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கு. இதற்கு ஒரு மேடைப் பேச்சும் வேண்டாம்.

லெவல் கிராசிங் பற்றிப் பேசும்போது நாவடக்கம் வேண்டும். 2025 ஜூலை 8ஆம் தேதி செம்மங்குப்பம் கேட்டில் பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் போனார்கள். அந்தக் குடும்பங்கள் இந்த ஊரில்தான் இருக்கின்றன. அதை ஓட்டுக்கு இழுக்காதே. கேட்டால் விஷயத்தைச் சொல்: இன்டர்லாக் செய்த கேட் மூடினால்தான் சிக்னல் விழும்; இன்டர்லாக் இல்லாத கேட்டில் ஸ்டேஷன் மாஸ்டரும் கேட் கீப்பரும் போனில் பேசி பிரைவேட் நம்பர் (கேட் மூடியதற்கு அத்தாட்சியாகச் சொல்லும் ரகசிய எண்) மாற்றிக்கொள்வதுதான் பாதுகாப்பு, முழுக்க மனுஷனை நம்பியது. உன் வார்டிலோ பஞ்சாயத்திலோ இருக்கும் கேட் எந்த வகை என்று தெரிந்து வைத்துக்கொள். மேம்பாலம் கேட்டால், கேட்டைக் கடக்கும் ரயில் எண்ணிக்கையையும் வாகன எண்ணிக்கையையும் பெருக்கி வரும் கணக்கு ஒரு லட்சத்தைத் தொட வேண்டும். செலவில் ரயில்வேக்கும் மாநில அரசுக்கும் பங்கு, அணுகுசாலைக்கு நிலம் எடுப்பது மாநிலத்தின் வேலை. சுரங்கப்பாதை கட்டிக் கேட்டை மூடுவதற்கும் மாவட்ட நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். அங்கேதான் ஃபைல்கள் படுத்துக்கொள்கின்றன, அங்கேதான் உள்ளூர்ப் பிரதிநிதி போய் நிற்க வேண்டும்.

பழைய சகாக்களிடம் ஒரு எல்லை வை. ஸ்டேஷனுக்குள் போய் ஓட்டு கேட்காதே, டியூட்டியில் இருக்கிற பையனைக் கூட நிறுத்திப் படம் எடுக்காதே. நீ வெளியே வந்துவிட்டாய். அவனை ஐந்தாவது விதி இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. நம் ஆள் என்ற பாசத்தில் அவன் உன்னோடு நின்று சிரித்த போட்டோவுக்கு அவன்தான் விளக்கம் எழுத வேண்டிவரும்.

கடைசியாகச் செலவுக் கணக்கு. சட்டமன்றத்துக்கு மனுத் தாக்கலுக்கு ஒரு நாளாவது முன்பு தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். பென்ஷன் வரும் கணக்கைக் காட்டாதே. உச்சவரம்பு தமிழ்நாட்டில் 40 லட்சம், புதுச்சேரியில் 28 லட்சம். நம் ஆளுக்கு அந்த வரம்பு ஒரு பிரச்சினையாக இருக்கப்போவதில்லை, டீச் செலவையும் ஆட்டோ வாடகையையும் அன்றன்று எழுதாததுதான் பிரச்சினை. ஸ்டேஷனில் டிரெய்ன் ரெஜிஸ்டர் எழுதினவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முடிவு வந்த 30 நாளைக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் கணக்கு போக வேண்டும். கொடுக்காதவனை ஆணையம் மூன்று வருஷத்துக்குத் தகுதியிழக்கச் செய்யலாம். தோற்றவனுக்கும், டெபாசிட் போனவனுக்கும் அதே 30 நாள்தான்.